உருளும் கூரை: தாங்குவதைவிடப் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் 3 மீட்டருக்கு 3 மீட்டரில் ஓர் அறை கட்டி, நடுவில் 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிரந்தரமாக நிறுத்தப் போகிறீர்கள். கூரை தண்டவாளத்தில் உருண்டு ஒரு பக்கமாக விலகிவிட வேண்டும். எந்தச் சக்கரம் வாங்குவது, அது எத்தனை கிலோ தாங்க வேண்டும், மோட்டார் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சக்கரத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கூரையின் எடையைத் தோராயமாகக் கணக்குப் போடலாம். நாலு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு 3.5 மீட்டர் சதுரம் என்றால் பரப்பு ஏறக்குறைய 12 சதுர மீட்டர். அரை மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 5 கிலோ, ஆக 60 கிலோ. அடியில் 9 மி.மீ. பிளைவுட் அடித்தால் இன்னொரு 70. சட்டம், உத்தரம், சக்கரம், போல்ட் எல்லாம் சேர்த்து ஒரு 100. மொத்தம் 230 கிலோ. இதை உருட்டுவது பெரிய விஷயமே இல்லை. நல்ல பேரிங் உள்ள சக்கரமும் நேரான தண்டவாளமும் இருந்தால் ஒரு கையால் தள்ளலாம்.

இப்போது காற்றைக் கணக்கில் எடுங்கள். மணிக்கு 120 கி.மீ. என்றால் நொடிக்கு 33 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். அதே அளவு மேல்நோக்கி உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் 12 சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் வருகிறது. முகட்டிலும் மூலைகளிலும் உறிஞ்சுதல் இதைவிடக் கூடுதல். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் கீழிருந்தும் தள்ளும். 230 கிலோ கூரை இதற்கு எம்மாத்திரம்? வேகம் பாதியானால் விசை நாலில் ஒன்றாகிவிடும். மணிக்கு 60 கி.மீ. காற்றில் தூக்கும் விசை 200 கிலோவைத் தொடும், அதாவது உங்கள் கூரை கிட்டத்தட்ட எடையே இல்லாமல் தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். சாதாரணக் கூரையை எல்லாப் பக்கமும் ஆணியடித்து இறுக்கிவிடுகிறோம். இங்கே நகர வேண்டும் என்பதற்காக அந்தப் பிடிப்பை நாமே எடுத்துவிடுகிறோம். ஆகவே வடிவமைப்பை இங்கிருந்து தொடங்குங்கள்: திறந்தாலும் மூடினாலும் பாதி வழியில் நின்றாலும், கூரை மேலே எழும்ப முடியாதபடி எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? இதற்கு விடை கிடைத்தால் மற்றதெல்லாம் வரிசையாக அமைந்துவிடும்.

ஆனால் காகிதத்தில் முதல் கோடு தொலைநோக்கியின் உயரத்தில்தான் விழ வேண்டும். மவுண்டின், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பகுதியின், அச்சுகள் சந்திக்கும் இடம் தரையிலிருந்து 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவர் 1.8 மீட்டர். நடுவிலிருந்து சுவருக்கு 1.5 மீட்டர் தூரம். அப்படியானால் அடிவானத்திலிருந்து 11 டிகிரி வரை சுவர் மறைக்கும். பலர் இதைக் கேட்டதும் சுவரைக் குறைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம் என்பேன். 30 டிகிரி உயரத்தில் பார்க்கும்போதே தலைக்கு மேல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்றின் வழியாகப் பார்க்கிறீர்கள். 20 டிகிரியில் அது மூன்று மடங்கை நெருங்குகிறது, 10 டிகிரியில் ஐந்து மடங்குக்கும் மேல். அங்கே படம் கொதிக்கும் தண்ணீர்போல அலையும். அடிவானத்தை ஒட்டி வரும் வால்நட்சத்திரம் ஒன்றிரண்டைத் தவிர நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. அந்த 1.8 மீட்டர் சுவர் காற்றையும் பக்கத்து வீட்டு விளக்கையும் தடுக்கிறது, அது பெரிய லாபம்.

மறைப்பில் உண்மையான தொந்தரவு விலகி நிற்கும் கூரைதான். முகடு தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரம், முகடு தண்டவாளத்துக்கு இணையாக ஓடுகிறது என்று வையுங்கள். கூரை முழுதாக விலகி நின்றாலும் அதன் முக்கோண முகப்பு உங்களிடமிருந்து 1.5 மீட்டரில்தான் இருக்கும். அந்தத் திசையில் 40 டிகிரி வரை வானம் போய்விடும். தண்டவாளத்தை இன்னும் ஒரு மீட்டர் நீட்டி கூரையைத் தள்ளி நிறுத்தினால் அது 27 டிகிரிக்கு இறங்கும். இருசரிவுக் கூரையை விட்டுவிட்டு ஒரு பக்கம் மட்டும் சரியும் கூரை போட்டு, தாழ்ந்த விளிம்பு அறையைப் பார்த்து நிற்கும்படி வைத்தால் கணக்கே மாறிவிடும். தாழ்ந்த விளிம்பு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் மறைப்பு 18 டிகிரிதான். மூடிய நிலையில் தொலைநோக்கி படுத்த வாக்கில் அதன் கீழே அடங்குமா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். குட்டையான 8 அங்குலக் குழாய் தாராளமாக அடங்கும். நீளமான நியூட்டன் வகைக் குழாய் என்றால் சிக்கல். உங்களுக்கு நான் ஒருசரிவுக் கூரையைத்தான் சொல்வேன். பார்க்க அழகு குறைவுதான், ஆனால் காற்றுக்குக் காட்டும் முகமும் குறைவு.

எந்தப் பக்கம் உருட்டுவது? ஒரு திசையில் மரமோ மாடிவீடோ ஊர் வெளிச்சமோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பக்கம். எல்லாப் பக்கமும் திறந்த வெளி என்றால் துருவத்தின் பக்கம், அதாவது வட கோளத்தில் வடக்கு. கோள்களும் நிலவும் அந்தப் பக்கத் தாழ்வானத்தில் வருவதில்லை. துருவ நட்சத்திரம் உங்கள் அட்சரேகை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு டிகிரி உயரத்தில் நிற்கும். நீங்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில், 10 அல்லது 15 டிகிரியில் இருந்தால் கூரை அதை மறைத்துவிடும் என்பது உண்மைதான். அதற்காகத் திசையை மாற்ற வேண்டாம். தொலைநோக்கி நிற்கும் தூண் நிரந்தரமானது, மவுண்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கித் திருப்பி வைக்கும் துருவச் சீரமைப்பு ஒருமுறை செய்கிற வேலை. நட்சத்திரம் நகர்வதை வைத்துச் செய்யும் பழைய டிரிஃப்ட் முறைக்குத் துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டியதில்லை. கேமரா படத்தைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் மென்பொருள்களும் இப்போது இருக்கின்றன.

கூரைச் சட்டத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு. சதுரம் கோணாமல் இருக்க வேண்டும், அடி உத்தரங்கள் வெளிப்பக்கம் விரியக் கூடாது. சாதாரண இருசரிவுக் கூரையில் குறுக்கே ஓடும் கட்டைகள் இப்படி விரிவதைத் தடுக்கும். இங்கே அந்தக் கட்டைகள் தொலைநோக்கியின் தலையில் இடிக்கும் என்பதால் எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் சில மாதங்களில் இரண்டு அடி உத்தரங்களும் வயிறு தள்ளி, சக்கரம் தண்டவாளத்தை உரச ஆரம்பிக்கும். இருசரிவுதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், முகட்டில் கனமான உத்தரம் ஒன்றைக் கொடுத்து, இரண்டு முகப்புகளிலும் மட்டும் குறுக்குக் கட்டை வையுங்கள். ஒருசரிவுக் கூரையில் இந்தப் பிரச்சினையே கிடையாது. சதுரம் கோணாமல் இருக்க பிளைவுட்டை ஒட்டி, நெருக்கமாகத் திருகினாலே போதும். தகடு மட்டும்தான் என்றால் மூலைக்கு மூலை இரும்புப் பட்டை கொடுங்கள்.

சரி, சக்கரம். இரும்பு ஆங்கிளைக் கவிழ்த்து, முனை மேலே பார்க்கும்படி ஒரு பட்டையில் பற்றவைத்துத் தண்டவாளம் ஆக்குங்கள். அதன் மேல் வி வடிவப் பள்ளம் உள்ள இரும்புச் சக்கரம். ஆங்கிளின் முனை 90 டிகிரி, சக்கரப் பள்ளமும் 90 டிகிரி, கச்சிதமாக உட்காரும். கவிழ்ந்த ஆங்கிளில் இலையும் மண்ணும் தங்காது, தண்ணீரும் நிற்காது. சேனல் போட்டு அதற்குள் சக்கரம் ஓடவிட்டால் முதல் மழையிலேயே அது வாய்க்காலாகிவிடும். விட்டம் 100 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், சிறிய சக்கரம் ஒரு சின்னக் கல்லுக்கே நின்றுவிடும்.

இதில் பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வி சக்கரம் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வி. மறுபக்கம் வெறும் தட்டைச் சக்கரம், அகலமான தட்டைப் பட்டையின் மேல். காரணம், இரண்டு தண்டவாளமும் முழு நீளத்துக்கும் ஒரே இடைவெளியில் இருக்கவே இருக்காது. மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். இரண்டு பக்கமும் பள்ளம் இருந்தால் அந்த 3, 4 மி.மீ. வித்தியாசத்துக்குப் போக இடமில்லாமல் கூரை இறுகிவிடும், அல்லது ஒரு சக்கரம் ஆங்கிளின் மேல் ஏறிக்கொள்ளும். ஒரு பக்கம் வழிகாட்டட்டும், மறுபக்கம் சுமை மட்டும் தாங்கட்டும்.

பக்கத்துக்கு மூன்று சக்கரம் போதும், ஆறும் சேர்ந்து 230 கிலோவைத் தாங்கும். ஆனால் எடையை ஆறால் வகுத்துச் சக்கரம் வாங்காதீர்கள். தண்டவாளத்தில் எங்கோ ஒரு மி.மீ. மேடு பள்ளம் இருக்கும், அப்போது சில சக்கரங்கள் காற்றில் தொங்கும். ஒவ்வொன்றும் குறைந்தது 100 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை முடிந்தவரை நீட்டுங்கள். அகலமான மேசை இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் எப்படிக் கோணிக்கொண்டு சிக்குமோ, அகலம் அதிகமாகவும் சக்கர தூரம் குறைவாகவும் உள்ள கூரை அப்படித்தான் சிக்கும். தள்ளுவதும் வி சக்கரம் உள்ள பக்கத்திலிருந்து, அல்லது நடுவிலிருந்து.

தண்டவாளத்துக்கு 6 மீட்டர் நீள ஆங்கிள் கிடைத்தால் உங்கள் 3 மீட்டர் அறைக்கும் 3 மீட்டர் வெளி நீட்டத்துக்கும் அது ஒரே துண்டாக ஓடும். ஒரு மீட்டர் கூட நீட்டுவதானால் இணைப்பைச் சுவர் முடியும் இடத்தில் வைக்காதீர்கள். அறையும், வெளியே தண்டவாளத்தைத் தாங்கும் தூணும் வேறு வேறு அளவில் அமிழும், இணைப்பு அங்கே இருந்தால் ஒரு படி உருவாகும். வெட்டை நேராக வெட்டாமல் 45 டிகிரிச் சாய்வில் வெட்டுங்கள், சக்கரம் தட்டாமல் தாண்டும். 6 மீட்டர் இரும்பு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 3 மி.மீ. நீளும். ஒரு முனையை இறுக்கிவிட்டு மற்ற துளைகளை நீள்துளையாக விடுங்கள். இரண்டு தண்டவாளமும் ஒரே உயரமா என்று பார்க்க, சின்ன ரசமட்டத்தை நம்ப வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய்மட்டம் இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம்.

இனி, பிடித்து வைக்கும் கொக்கி. கூரையின் அடி உத்தரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரு கனமான இரும்புப் பட்டை கீழே இறங்கி, நுனியில் உள்பக்கம் மடிந்து, தண்டவாளம் உட்கார்ந்திருக்கும் உத்தரத்தின் விளிம்புக்கு அடியில் நிற்க வேண்டும். இதற்காகத் தண்டவாள உத்தரம் சுவரைவிட 25 அல்லது 30 மி.மீ. வெளியே துருத்தி நிற்கட்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு கொக்கி. கொக்கிக்கும் உத்தர அடிக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி. இந்த அளவைச் சும்மா சொல்லவில்லை. சக்கரத்தின் வி பள்ளம் 10 மி.மீ. ஆழம் என்றால் கூரை 6 மி.மீ. எழும்பியதுமே கொக்கி பிடித்துக்கொள்ளும், பள்ளம் இன்னும் ஆங்கிளை விட்டு வெளியே வந்திருக்காது. காற்று தணிந்ததும் அதே இடத்தில் உட்காரும். இடைவெளி பள்ளத்தைவிட அதிகமாக இருந்தால், கூரை பறக்காது, ஆனால் தடம் புரளும்.

இந்தக் கொக்கிகள் முழு நீளத்துக்கும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதால், வெளித் தூண்கள் உத்தரத்தின் நடுவிலோ உள்பக்கமோ நிற்க வேண்டும். சாய்வுக் கட்டைகளும் அப்படியே. வரைபடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால், கூரை பாதி தூரம் போனதும் முதல் தூணில் கொக்கி முட்டி நிற்கும்.

கொக்கியோடு விஷயம் முடியவில்லை. விசை கூரையிலிருந்து உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து சுவர்ச் சட்டத்துக்கும், அங்கிருந்து அடித்தளத்துக்கும் இறங்க வேண்டும். உத்தரத்தைச் சுவரில் நாலு ஆணியால் அடித்திருந்தால் கூரை உத்தரத்தையும் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடும். ஒவ்வோர் இணைப்பிலும் இரும்புப் பட்டையோ போல்ட்டோ, அடியில் கான்கிரீட்டில் பதித்த போல்ட்டோ வேண்டும். கொக்கிகள் தவிர, மூடிய நிலையில் நாலு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகினால் இறுகும் கொக்கிக் கம்பி) போட்டு இறுக்கிவிடுங்கள். திறந்த நிலைக்கும் தனியாக இரண்டு வேண்டும், ஏனென்றால் அப்போது கூரைக்குக் கீழே சுவர் இல்லை, காற்று தாராளமாக அடியில் புகும். தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு, ஊடுருவும் போல்ட் போட்டது. நீங்கள் தள்ளும் வேகத்துக்கு ரப்பர் கட்டை போதும், ஆனால் காற்று தள்ளினால் 230 கிலோ வேகமெடுத்து வரும்.

மழை எங்கே புகும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கவாட்டுச் சுவர்களுக்கு வெளியே கூரையிலிருந்து ஒரு பாவாடைத் தகடு 100 மி.மீ. தொங்கவிடலாம், கொக்கிகளும் அதன் மறைவில் இருக்கும். கூரை வடக்கே போகிறது என்றால் வடக்கு முனையிலும் தொங்கவிடலாம், அது சுவரை விட்டு விலகித்தான் போகும். ஆனால் தெற்கு முனையில் தொங்கவிட்டால் கூரை நகர ஆரம்பித்ததுமே தகடு தெற்குச் சுவரில் இடிக்கும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கீல் போட்ட மடிப்புத் தகடு வையுங்கள், அல்லது கூரையை அங்கே 200 மி.மீ. வெளியே நீட்டி, சுவர் உச்சியில் தூரிகைப் பட்டை பொருத்துங்கள். ஒருசரிவுக் கூரையில் தண்ணீர் விழுவதும் இதே தெற்கு விளிம்பில்தான் என்பதால் இந்த நீட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கதவை வடக்கே வைக்க முடியாது, தூண்கள் நிற்கும். கிழக்கிலும் மேற்கிலும் தலைக்கு மேல் உத்தரம் ஓடும். ஆகவே தெற்குச் சுவரில் வையுங்கள், குனிந்துதான் நுழைய வேண்டும், பழகிவிடும்.

வெறும் தகட்டுக் கூரை இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அடிப்பக்கம் வியர்த்து, மூடிய அறையில் நேராகத் தொலைநோக்கியின் மேல் சொட்டும். பிளைவுட்டின் எடையை நான் ஒத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் இருந்தால் இன்னும் நல்லது. வெளியே வெள்ளை வண்ணம் அடியுங்கள். தொலைநோக்கித் தூணின் அடித்தளம் அறைத் தரையைத் தொடாமல் தனியாக இருக்கட்டும், கூரை உருளும் அதிர்வும் உங்கள் காலடியும் அதில் ஏறக் கூடாது.

குவிமாடமே போட்டால் என்ன என்று நடுவில் யாராவது ஆலோசனை சொல்வார்கள். குவிமாடம் காற்றையும் பனியையும் நன்றாகவே தடுக்கும். ஆனால் அது திறக்கும் பிளவு வழியாக மட்டும்தான் வானம், உள்வெப்பம் வெளியேறவும் நேரம் பிடிக்கும். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட்டில், ஸ்லோன் வான் ஆய்வுத் திட்டத்துக்காகக் கட்டிய 2.5 மீட்டர் தொலைநோக்கிக்கே குவிமாடம் கிடையாது. அதன் கூடம் முழுவதும் தண்டவாளத்தில் விலகிப் போய், தொலைநோக்கி வெட்டவெளியில் நிற்கும். உங்கள் யோசனை ஒன்றும் குறைந்தது இல்லை.

மோட்டார் வைக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கையால் தள்ளிப் பாருங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே தானாக ஓடுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். மோட்டார் வைத்துவிட்டால் அது அந்த இறுக்கத்தை மறைத்துக்கொண்டே இழுத்து, ஒருநாள் பற்சக்கரத்தின் பல்லை உடைத்துக்கொள்ளும். பிறகு வைக்கும்போது, பக்கவாட்டில் நகரும் கேட்டுக்கான மோட்டாரும், அதன் பற்சக்கரம் கடித்து ஓடும் பல்சட்டமும் இந்த எடைக்குத் தாராளம். பல்சட்டத்தை வி தண்டவாளம் உள்ள பக்கத்தில் பொருத்துங்கள். அந்த மோட்டார்களில் சிறிது நேரம் கழித்துத் தானாக மூடும் வசதி இருக்கும். அதை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், நிமிர்ந்து நிற்கும் தொலைநோக்கியின் மேல் கூரை வந்து மோதுவதற்கு அது ஒன்றே போதும். தொலைநோக்கி படுத்த நிலையில் இருந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும்படி, மவுண்டில் ஒரு சுவிட்சைத் தொடராக இணைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. மோட்டாரின் பிடி இருக்கிறதே என்று டர்ன்பக்கிளை மறந்துவிடாதீர்கள், பல்சட்டம் பக்கவாட்டு நகர்வைத்தான் தடுக்கும், மேலே எழும்புவதைத் தடுக்காது. அதே சமயம் டர்ன்பக்கிள் மாட்டியிருக்கும்போது மோட்டார் இழுத்தால் ஏதாவது ஒன்று பிய்ந்துவிடும், அதற்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். மின்சாரம் போனால் மோட்டாரை விடுவித்துக் கையால் மூட ஒரு சாவி வரும். அதைத் தொலைநோக்கி அறையிலேயே ஒரு கொக்கியில் மாட்டி வையுங்கள், வீட்டுச் சாவிக்கொத்தில் சேர்க்காதீர்கள். மின்சாரம் நின்று தூறலும் ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்கு ஓடிப்போய்த் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.